குப்பை வண்டிக்குக் காத்திருக்கும் ஊர்

வெளிநாடு போய் வந்தால் எல்லோரும் கேட்பது, "என்னென்ன பார்த்தே?" நான் பார்ப்பது சிப் சோதிக்கும் லேப். அதைத்தான் பெங்களூரிலும் விடிந்தால் அடைந்தால் பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் என் கண் போவது அந்த ஊர்க் குப்பையின் மேல். என் வீட்டுக்காரருக்கு இதில் ஒரே கேலி. ஆனால் 2012-ல் பெங்களூர்க் குப்பை போய்க்கொண்டிருந்த மாவள்ளிபுரா கிடங்கு மூடப்பட்டபோது அல்சூரில் எங்கள் தெருமுனை நாறிய நாற்றத்தை அனுபவித்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள். அவர் அப்போது சென்னையில் இருந்தார்.

தைவானின் தைபேயில் நெய்ஹூ பக்கம் தங்கியிருந்தேன். சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே பீத்தோவன் மெட்டு ஒன்று கேட்டது. ஐஸ்கிரீம் வண்டி என்று எட்டிப் பார்த்தால், மஞ்சள் நிறக் குப்பை லாரி. தெருவே கீழே இறங்கி நிற்கிறது. அரை டிராயரும் செருப்புமாக ஒரு ஆள், ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றாத ஒரு பெண், சக்கரம் வைத்த கூடையோடு பாட்டிகள். அங்கே குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. கையிலிருந்து நேரே லாரிக்குள் போக வேண்டும். லாரி நிற்பதோ சில நிமிடம். விட்டால், அடுத்த நடை வரை வீட்டிலேயே வைத்துக் காக்க வேண்டியதுதான். புதனும் ஞாயிறும் வண்டியே கிடையாது.

கண்ட பையிலும் போட முடியாது. மாநகராட்சி முத்திரை போட்ட நீலப் பையைக் கடையில் வாங்க வேண்டும். குப்பைக் கட்டணம் பையின் விலையிலேயே அடக்கம். 2000-ல் வந்த ஏற்பாடு. பின்னாலேயே வரும் இன்னொரு வண்டியில் பாட்டில், அட்டை, டப்பா எல்லாம் இலவசம். அப்புறம் எவன் பிரிக்காமல் இருப்பான்? பிரிக்கப் பிரிக்க நீலப் பை மிச்சம்.

சமையல் மிச்சத்துக்கு லாரியின் பின்பக்கம் டிரம்கள். அப்போது பன்றித் தீவனத்துக்குப் போன சோறு, குழம்பு வகையறா ஒன்றில். உரத்துக்குப் போகிற தோல், சக்கை இன்னொன்றில். எனக்கு முன்னால் நின்ற பாட்டி பையைக் கவிழ்த்துக் கொட்டி, இரண்டு உதறு உதறி, வெறும் பையைத் தனியாகப் போட்டார். என் பையில் வாழைப்பழத் தோலும் பழைய சோறும் கலந்து கிடந்ததை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் மாமியாருக்குக்கூட அந்தப் பார்வை வராது.

எனக்குப் பிடித்தது அந்தக் கூட்டம்தான். யார் வீட்டில் என்ன மிஞ்சியது என்று ஊருக்கே தெரிகிறது. எங்கள் அல்சூரில் காலையில் ஆட்டோ கன்னடப் பாட்டு போட்டுக்கொண்டு வரும். கேட்டருகே பையை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவோம். ஈரக் குப்பை, உலர் குப்பை என்று பிரிக்கச் சொல்லி 2015-லேயே ஹைகோர்ட் உத்தரவு போட்டாயிற்று. ஆனாலும் டயப்பரையும் தக்காளியையும் கையுறைகூட இல்லாமல் பிரிப்பது யார் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

டோக்கியோ வேறு மாதிரி. 1995-ல் சுரங்க ரயிலில் ஒரு கும்பல் விஷவாயு விட்ட பிறகு, தொட்டிக்குள் எதையாவது ஒளித்து வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பொது இடத்துக் குப்பைத் தொட்டிகள் பெரும்பாலும் போய்விட்டன. தின்ற காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே ஊர் சுற்றினேன். எனக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான்.

பெர்லினில் தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் டெபாசிட். காலிப் பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு தரும், கவுண்டரில் காசாக்கலாம். கச்சிதமான ஏற்பாடு என்று மெச்சிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் நன்றாக உடுத்திய ஒரு பெரியவர் ஸ்டேஷன் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாட்டில் தேடுவதைப் பார்த்தேன். ஜெர்மனியில் இது ரொம்ப சகஜமாம். பென்ஷன் போதாதவர்களும் உண்டு. குனிந்து தேட வேண்டாமே என்று பலர் பாட்டிலைத் தொட்டிக்கு வெளியிலேயே வைக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்த வயதில், அந்தக் குளிரில், அவ்வளவு பணக்கார நாட்டில், அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து சியோல். அங்கே அடுக்குமாடிகளில் மீந்த சாப்பாட்டை எடை போட்டு, வீட்டுக்கு வீடு கட்டணம் போடும் தொட்டி இருக்கிறது. வீட்டுக்காரரும் கூட வருகிறார். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்திருக்கிற ஆள். அங்கே பில்லை அவரிடமே நீட்டலாம் என்றிருக்கிறேன்.