பெரிய வெள்ளியும் டயாலிசிஸ் நாற்காலியும்

2022 பிப்ரவரியில் எனக்கு டயாலிசிஸ் தொடங்கியது. திங்கள், புதன், வெள்ளி, மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை. சிங்கப்பூரில் சிறுநீரகம் செயலிழக்க முதல் காரணம் நீரிழிவுதான். எனக்கும் அதேதான், இருபது வருடச் சர்க்கரை. ஈசூனில் எங்கள் புளோக்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நிலையம் கிடைத்தது கர்த்தருடைய இரக்கம்.

ஊசியைவிடத் தாகம்தான் கொடுமை. சிறுநீர் குறைந்துவிட்டால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். ஒரு நாளைக்கு 750 மில்லி என்று டாக்டர் எனக்கு அளவு வைத்தார். காலைக் கோப்பி, ரசம், மீன் குழம்பு எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். நிலையத்துக்குள் போனதும் முதல் வேலை தராசில் ஏறுவது. சனியும் ஞாயிறும் கழிந்து திங்கட்கிழமை 2.8 கிலோ கூடியிருந்தால், பெரும்பாலும் அது தண்ணீர். தாதி ஒன்றும் சொல்லமாட்டார், எழுதிக்கொள்வார். எனக்குத்தான் கண் கலங்கிவிடும்.

ஆரம்பத்தில் ஜெபக்குழுவில் ஒரு சகோதரி, "மறைவான பாவம் ஏதாவது இருக்கான்னு பாருங்க சிஸ்டர்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் மூன்று வாரம் என்னால் வாய்விட்டு ஜெபிக்க முடியவில்லை. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து புண்களோடு உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்த பிறகுதான் அவன் காயத்தைக் கிளறினார்கள். எனக்கு அந்த ஏழு நாளைத் தந்தவர் ஜூரோங்கிலிருந்து வரும் ஓர் அக்கா. வருவார், துணி மடித்துக் கொடுப்பார், பக்கத்தில் உட்காருவார். ஒருநாள் மட்டும் 88ஆம் சங்கீதத்தை வாசித்தார். அது துதியில் முடிவதில்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே நின்றுவிடுகிறது. இப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்தில் வைத்திருக்கிறார் தேவன் என்று தெரிந்தபோது எனக்கு மூச்சு வந்தது.

அந்த வருடம் ஏப்ரல் 15 பெரிய வெள்ளி. வெள்ளி என் முறை, அதனால் ஆராதனைக்குப் போக முடியாது. சிறு வயதிலிருந்து நான் தவறவிடாத மும்மணி ஆராதனை அது. கையில் இரண்டு ஊசி, ஒன்றில் ரத்தம் வெளியே போகிறது, மற்றதில் திரும்பி வருகிறது. காதில் இயர்போன் வைத்து, எங்கள் சபையின் நேரலையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தை வந்தது: "தாகமாயிருக்கிறேன்." என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. எத்தனை வருடமாகக் கேட்ட வார்த்தை! அன்றைக்குத்தான் அது உதடு வெடித்த ஒருவருடைய வாயிலிருந்து வந்ததாகக் கேட்டது. போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு அழுதேன். வலி குறையவில்லை, தாகமும் குறையவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் நான் தனியாக இல்லை.

ரோமர் 5இல் பவுல் ஒரு வரிசை சொல்கிறார்: உபத்திரவம் பொறுமையை, பொறுமை பரீட்சையை, அதாவது சோதனையில் தேறி நிற்பதை, பரீட்சை நம்பிக்கையை உண்டாக்கும். நான் அதுவரை நம்பிக்கையை முதலில் தேடிக்கொண்டிருந்தேன், வராததால் விசுவாசமே இல்லை என்று பயந்தேன். பவுல் அதைக் கடைசியில் அல்லவா வைத்திருக்கிறார்! பொறுமை என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ஹுப்போமொனே என்ற சொல். கீழே தங்கியிருத்தல் என்று அதைப் பிரித்துச் சொல்லலாம் என்றார் எங்கள் போதகர். சரி, புதன்கிழமை எழுந்து நிலையத்துக்கு நடந்து போவதும் அதில் சேரும் என்று எடுத்துக்கொண்டேன்.

மாற்றுச் சிறுநீரகத்துக்காக ஜெபிப்பதுதான் இன்னும் கடினம். இறந்தவர்களிடமிருந்து உறுப்பு எடுக்க 1987 முதல் இங்கே சட்டம் இருக்கிறது, ஆனாலும் பல வருடம் காத்திருக்க வேண்டும். யாரோ ஒரு வீட்டில் சாவு விழுந்தால்தான் எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வரும். அதை எப்படிக் கேட்பது? கடைசியில், யாரென்று தெரியாத அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்க ஆரம்பித்தேன். இன்றும் செய்கிறேன்.

இரவு விளக்கை அணைத்ததும் இடது மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பேன். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடம். ரத்தம் ஓடினால் தோலுக்கடியில் தேனீ அடைபட்டதுபோல் அதிரும். அதிர்வு நின்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதிர்கிறது என்று தெரிந்ததும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பேன். பல இரவுகளில் என்னால் முடிந்த முழு ஜெபம் அவ்வளவுதான்.

போன மாதம் பக்கத்து நாற்காலிக்கு ஓர் இளைஞர் வந்தார். முதல் நாள், கை நடுங்கியது. "ஆன்ட்டி, தாகத்துக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டார். சின்ன ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னேன், அதையும் கணக்கில் எழுதச் சொன்னேன். அன்றைக்கு நான்கு மணிக்கு என் ஊசியை எடுத்துவிட்டார்கள். அவருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பையை மறுபடி கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.