தப்புச் சத்தமும் ஒரு படமும்: மாசி மாத மலையகம்

மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்காகக் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அதே மாதத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் பஞ்சரதம் வீதிக்கு வரும். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கும் சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவமும் அப்போது நடுவில் இருக்கும். ஒலியையும் படத்தையும் ஜோடியாக வைத்து இந்த மண்ணின் பக்தியை அறிய வருகிறவர்களுக்கு பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரையிலான நான்கு வாரங்கள்தான் ஏற்ற காலம். மழை குறைவு. இரவுக் குளிர் மட்டும் கடுமை.

ஜோடி என்பது ஒரே ஒரு படமும் அதோடு சேர்ந்து ஒலிக்கும் இரண்டு மூன்று நிமிட ஒலியும். வீடியோ வேண்டாம். வீடியோவில் கண் அசைவைத் துரத்திக்கொண்டு ஓடும், காது பின்தங்கிவிடும். அசையாத படத்தின் முன் உட்கார்ந்தால் காதுதான் வழி காட்டும். அதனால் முதலில் ஒலியைப் பதியுங்கள், படத்தைப் பிறகு தேடுங்கள். தப்பு என்கிற தோல் பறையின் சத்தத்துக்குத் தப்பின் படத்தையே வைத்தால் சொன்னதையே திரும்பச் சொன்னதாகிவிடும்.

காமன் கூத்து இரவில் கமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் மன்மதனின் ஒப்பனைக்காகக் காத்திருப்பார்கள். கூத்து தொடங்கும் முன் தப்புக்காரர்கள் தீ மூட்டும் இடத்துக்குப் போங்கள். மலையில் பனி இறங்கினால் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும், கணீரென்ற சத்தம் தொப்பென்று விழும். சருகையும் கடதாசியையும் கொளுத்தி, தப்பின் முகத்தைத் தீக்கு மேலே வட்டமாகச் சுழற்றுவார்கள். விரலால் ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கேட்பு, மறுபடி தீ. சுருதி ஏறிய பிறகுதான் தப்பை அடிக்கும் இரண்டு குச்சிகளான அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் கைக்கு வரும். விடியும்வரை இந்தச் சூடேற்றல் பலமுறை நடக்கும். தீயின் படபடப்பும், ஏறிக்கொண்டே போகும் அந்தத் தட்டும், இடையில் இரண்டு வார்த்தைப் பேச்சும் சேர்ந்து இரண்டு நிமிடம் பதிவானால் போதும். அதற்கு ஜோடியாக, தோலில் படிந்த உள்ளங்கையைத் தீ வெளிச்சத்திலேயே எடுங்கள். எஃப் 1.8, 1/60 நொடி, ஐ.எஸ்.ஓ. 3200 போதும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் தீயின் சிவப்பைக் கமரா வெளுக்கப் பார்க்கும். பகல் வெளிச்சத்துக்கான அளவில் நிறுத்திவிடுங்கள்.

ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பின் முகத்துக்கு நேராக நிற்காமல், மூன்று நான்கு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் மார்பு உயரத்தில் ட்ரைபாடில் நிறுத்த வேண்டும். அளவு பார்க்கும்போது மெதுவாகத்தான் அடிப்பார்கள். ஆட்டம் ஏறியதும் அடி பலமடங்காகும். ஆகவே சோதனை அடி மைனஸ் 20 டெசிபெலைத் தாண்டாதபடி வைத்தால், பலத்த அடி மைனஸ் 6-க்குள் நிற்க இடம் இருக்கும். உச்சம் வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. தாழ்ந்த ஒலியை வெட்டும் பொத்தானைத் தப்புக்குப் போடாதீர்கள், அடியின் கனம் போய்விடும். மலைக்காற்றுக்கு மைக்கின் ஸ்பொஞ்சு உறை தாங்காது, ரோம உறையே வேண்டும். போனை விமான நிலையில் போடுங்கள். இல்லாவிட்டால் பதிவில் டிக்டிக்கென்று கேட்கும். கமராவின் ஷட்டர் சத்தமும் பதிவில் விழும். சத்தமில்லாத ஷட்டரைப் போட்டால் கோயில் டியூப்லைட்டுக்குக் கீழே படத்தில் கறுப்புப் பட்டைகள் விழலாம். இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை குறையும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. தப்பில் சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. அந்தக் காலத்தில் விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, எழுப்பவும் தப்பு அடித்தார்கள். வித்தியாசம் தெரியாமல் சாவு அடியைத் தேர்ப் படத்தின் கீழே ஒட்டினால் மலையகத்தார் யாராலும் அதைப் பார்க்க முடியாது. பதிந்த உடனேயே அடித்தவரிடம் "அண்ணே, இது என்ன அடி?" என்று கேட்டு, அவர் சொல்வதையும் அதே கோப்பின் முடிவில் பதிந்துகொள்ளுங்கள். கோயில் தலைவரிடமும் பூசாரியிடமும் பகலிலேயே அனுமதி கேட்க வேண்டும். கருவறைப் பக்கம் கமரா திரும்பக் கூடாது. அருள் வந்து ஆடுபவர் முகத்தில் பிளாஷ் அடிப்பது பாவம் என்றே சொல்வேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரச் சக்கரத்தோடு சேர்த்து வணங்கப்படும் ரோதமுனி நல்ல ஜோடிக்கு இடம் தருகிற சாமி. கொழுந்து வாட்டும் மாடியின் விசிறி இரைச்சலே அவருக்கு நாதஸ்வரம். அந்த இரைச்சலைப் பதிந்து, விபூதி பூசிய கல்லையோ அணையப்போகும் கற்பூரத்தையோ படமாக வையுங்கள்.

சிவனொளிபாத மலைக்கு ஹட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போக வேண்டும். உயரம் 2,243 மீட்டர், படிகள் சுமார் 5,500. இரவு இரண்டு மணிக்குள் புறப்பட்டால் விடியலுக்கு உச்சியில் நிற்கலாம். தமிழர் வாயில் அரோகரா, சிங்களவர் வாயில் கருணையை வேண்டும் பாட்டு. இரண்டும் ஒரே படியில் மூச்சு வாங்கிக்கொண்டு கலக்கும். நடந்துகொண்டே பதிந்தால் உங்கள் காலடிதான் பெரிதாகக் கேட்கும். ஒரு திருப்பத்தில் ஒதுங்கி நின்று, கூட்டம் உங்களைக் கடந்துபோக விடுங்கள். முதல்முறை ஏறுபவர்கள் வழியில் உள்ள இந்திக்கட்டுப்பான என்ற இடத்தில் வெள்ளை நூலை இழுத்துவிட்டுப் போவார்கள். உச்சியில் எத்தனை முறை ஏறினார்களோ அத்தனை முறை மணி அடிப்பார்கள். மணி ஒலிக்கு மணியை எடுக்காமல் புதரில் சிக்கிய நூலை எடுங்கள். ஒற்றை மணி என்றால் முதல் ஏற்றம்; நூலும் அதையேதான் சொல்கிறது. சூரியன் எழும்போது எல்லாரும் கிழக்கே பார்ப்பார்கள். மேற்கே திரும்பினால் மலையின் முக்கோண நிழல் மூடுபனிமேல் விழுந்து கிடக்கும். மேகம் வந்தால் நிழல் இல்லை, மணி மட்டும்தான்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சூடான பிளேன்டீக் கடைக்குள் கமராவைத் திறந்தபடி கொண்டுபோனால் லென்ஸில் நீர் கோக்கும். வெளியிலேயே பொலித்தீன் பையில் கட்டிவிட்டு உள்ளே போய், 20 நிமிடம் கழித்துத் திறக்கலாம்.

சேர்க்கும்போது படத்துக்கு முன் மூன்று நொடி இருட்டில் ஒலி மட்டும் வரட்டும். ஒலி முடிந்த பிறகும் படம் இரண்டு நொடி நிற்கட்டும். அடியை நடுவில் வெட்டி ஒட்டாதீர்கள், தாளம் தெரிந்த காது உடனே பிடித்துவிடும்.

ஊர் திரும்பும் முன் அவர்களுக்குப் பிரதி கொடுங்கள். வேவ் கோப்பு பெரிது, எம்பி3 ஆக்கினால் போனில் சுலபமாகப் போகும். படத்தை ஹட்டன் ஸ்டுடியோவில் கழுவி லேமினேட் செய்து கொடுங்கள். தொழிலாளரின் வரிசை வீடான லயத்துச் சுவரில் ஈரம் ஏறும், வெறும் தாள் ஒரு மழைக்குள் ஒட்டிக்கொள்ளும்.