ஹியூமன் ஃபைட்டர் ஏன் எப்பவும் முதல்ல வர்றான்? மூணு வாரம் டேட்டாவோட உக்காந்து பாத்தது

எங்க ஆன்லைன் டேபிள்ல, அதாவது எங்க ஆட்டக் குழுவுல, நான்தான் டிஎம், கதைய நடத்துற ஆளு. ஆடுறது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி), ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சு பகடை உருட்டி ஆடுற கதை ஆட்டம், 2014ல வந்த அஞ்சாவது எடிஷன். போன மாசம் புதுசா ஒரு தம்பி சேந்தான், கேரக்டர் போட உக்காந்தப்ப "அக்கா, உலகத்துல பாதிப்பேர் ஹியூமன் ஃபைட்டர்தான் எடுக்குறாங்களாமே, அப்ப அதுதான் நல்லதா"ன்னு கேட்டான். ஹியூமன் ஃபைட்டர்னா மனுஷ இனத்துல ஒரு சண்டைக்காரன். பாதிப்பேர்லாம் கிடையாதுன்னு சொல்லிட்டேன், ஆனா முதல் இடம் அதுக்குத்தான்னு எனக்கும் தெரியும், ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. அதுதான் ஆரம்பம்.

அவன் பாத்தது 2017ல ஃபைவ்தர்ட்டிஎய்ட்ங்குற செய்தித் தளம் போட்ட அட்டவணை. டி அண்ட் டி பியாண்ட்ங்குற கேரக்டர் உருவாக்குற சைட்ல ஆளுங்க உருவாக்குன கேரக்டர எடுத்து, எந்த ரேஸும் (கேரக்டரோட இனம்) எந்த கிளாஸும் (அதோட தொழில்) சேந்து எவ்வளவு வருதுன்னு லட்சத்துக்கு இத்தனைன்னு கட்டம் கட்டமா போட்டிருப்பாங்க. ஹியூமன் ஃபைட்டர் கட்டம்தான் எல்லாத்துக்கும் மேல. நான் அத முன்னாடி எத்தனையோ தடவ பாத்திருக்கேன், ஆனா இந்த தடவதான் கீழ இருக்குற தேதிய கவனிச்சேன். ஆகஸ்ட் 15லேருந்து செப்டம்பர் 15 வரைக்கும். அந்த சைட்டே பொதுவா திறந்தது 2017 ஆகஸ்ட் 15தான்! அப்ப அது சைட்டோட முதல் மாசம். முதல் மாசத்துல யார் வருவா, ஏற்கனவே பேப்பர்ல ஆடிட்டிருக்குற கேரக்டர டைப் பண்ணி ஏத்துறவங்க, என்னதான் இருக்குன்னு பட்டன் எல்லாத்தையும் அமுக்கிப் பாக்குறவங்க, காசு குடுக்குறதுக்கு முன்னாடி சும்மா ஒண்ணு போட்டுப் பாக்குறவங்க. இவங்க எல்லாரும் ஒரே கட்டத்துல ஒரே எண்ணா நிக்குறாங்க. அந்த அட்டவணை தப்புன்னு நான் சொல்லல, ரொம்ப நல்ல வேலை அது, ஆனா அது சொல்றது "உருவாக்குனாங்க"ங்குறத மட்டும்தான், நாம "ஆடுறாங்க"ன்னு படிச்சிடுறோம்.

அடுத்த விஷயம் இலவசக் கதவு. அந்த சைட்ல அப்ப காசு குடுக்காம உள்ள போனா பேசிக் ரூல்ஸும் எஸ்ஆர்டியும்தான் (இலவசமா திறந்து விட்ட ரூல் தொகுப்புகள்) கிடைச்சுச்சு. அந்த எஸ்ஆர்டில 12 கிளாஸும் இருந்துச்சு, ஆனா ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு). ஃபைட்டர்னா சாம்பியன், பூசாரி மாதிரியான கிளெரிக்னா லைஃப், ரோக்னா தீஃப், அவ்வளவுதான். பேக்ரவுண்ட்ல (கேரக்டரோட பழைய வாழ்க்கை) அகோலைட் ஒண்ணு, ஃபீட்ல (கூடுதல் திறமை) கிராப்ளர் ஒண்ணு. இது தெரியாம "சாம்பியன் ஃபைட்டர் இவ்வளவு பேருக்குப் பிடிச்சிருக்கு"ன்னு ஒருத்தர் எழுதினா, கடையில வெள்ளை சட்டை மட்டும் இலவசமா குடுத்துட்டு ஊருக்கே வெள்ளைதான் பிடிக்கும்னு சொல்ற மாதிரி ஆயிடும்.

சரி, கட்டத்த வெறிச்சுப் பாத்துட்டே இருந்தா ஒண்ணும் நடக்காது, கையில டேட்டா வேணும்னு தேடுனேன். நல்லவேளையா ஒரு திறந்த டேட்டா இருக்கு. போன்ல ஒரு கேரக்டர் ஷீட் ஆப் வச்சிருக்குறவங்க தங்களோட ஃபைல ஒரு வெப் டூல்ல ஏத்துவாங்க, அத அழகா பிரிண்ட் பண்ண. அப்படி வந்த ஷீட்களையெல்லாம் சேத்து வெளியிட்டிருக்காங்க. பேரு, ஐபி, பிரவுசர் அடையாளம் எல்லாத்தையும் ஹேஷ் பண்ணிட்டாங்க, அதனால யார் யாருன்னு தெரியாது, ஆனா ரெண்டு ஷீட் ஒரே ஆளுதான்னு கண்டுபிடிக்க முடியும். மத்தவங்க அந்தரங்கத்த இப்படி மதிச்சு டேட்டா குடுக்குறத பாக்க உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு.

முதல் வாரம் முழுக்க டூப்ளிகேட்லதான் போச்சு. ஒரே கேரக்டர் லெவல் 3ல ஒரு தடவ, 5ல ஒரு தடவ, 8ல ஒரு தடவன்னு மூணு ரோவா கிடக்கும். அவங்களே சுத்தம் பண்ணி ஒரு ஃபைலும் குடுத்திருக்காங்க, ஒரே பேரு ஒரே கிளாஸ்னா பெரிய லெவல் இருக்குறத மட்டும் வச்சுக்குறது. நியாயமான முறைதான், ஆனா நான் அத எடுத்து லெவல் சார்ட் போட்டப்ப ஒரு சந்தேகம் வந்துச்சு. வளந்த கேரக்டரோட சின்ன வயசு ஷீட் எல்லாம் போயிடுது, அப்ப மிச்சமிருக்குற லெவல் 1 எல்லாம் யாரு? வளராதவங்க. செத்துப்போனதா இருக்கலாம், கேம்பெய்னே (தொடர் கதை ஆட்டமே) நின்னுபோயிருக்கலாம், டூல் வேலை செய்யுதான்னு பாக்க ஏத்துனதா இருக்கலாம், இல்ல அடுத்த வாரம் முதல் செஷனா இருக்கலாம். ஷீட்ல இந்த நாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் ரெண்டு நாள் இதப் பிரிக்க வழி தேடுனேன், ஹெச்பி (உயிர்ப் புள்ளி), ஆயுதம், ஸ்பெல் (மந்திர) லிஸ்ட் காலியா இருக்கான்னு பாத்து "சோதனை ஷீட்"னு ஒரு ஃபில்டர் போட்டேன். ஓரளவுக்குத்தான் உதவுச்சு, அக்கறையா எல்லாத்தையும் நிரப்பிட்டு ஆடாமலே விட்டவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க, எங்க டேபிள்லயே இருக்காங்க.

அலைன்மென்ட் (கேரக்டர் நல்லவனா கெட்டவனாங்குற குணம்) நெடுவரிசை வேற கத. ஆப்ல அது ஆளுங்க கையால டைப் பண்ற இடம், அதனால முழுசா எழுதுறவங்க, ரெண்டெழுத்துல சுருக்குறவங்க, காலியா விடுறவங்கன்னு எல்லாம் கலந்து கிடக்கும். அதையும் சீராக்கி தனி நெடுவரிசையா குடுத்திருக்காங்க, நான் அதையே எடுத்துக்கிட்டு நகந்துட்டேன்.

ரெண்டாவது வாரம்தான் எனக்குப் பிடிச்ச வாரம். இந்த டேட்டாலயும் ஹியூமன் ஃபைட்டர்தான் மேல வந்தான். அப்பதான் ஒரு யோசனை. 2014ல வந்த முதன்மை ரூல் புக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல ஹியூமன் ரெண்டு வகை. ஒண்ணு சாதா, எல்லா திறன் ஸ்கோருக்கும் ஒண்ணு ஏறும், புரிஞ்சுக்க ஈஸி, முதல் தடவ ஆடுறவங்களுக்கு நாங்களே சொல்றது. இன்னொண்ணு வேரியன்ட் ஹியூமன், லெவல் 1லயே ஒரு ஃபீட் கிடைக்கும், ரூல் புக்க கரைச்சுக் குடிச்சவங்க கணக்குப் போட்டு எடுக்குறது அது. கட்டத்துல ரெண்டும் "ஹியூமன்"தான்! ஒண்ணுமே தெரியாதவரும் எல்லாம் தெரிஞ்சவரும் ஒரே கட்டத்துல.

இத பிரிக்க முடியுமான்னா முடியும். ஃபைட்டருக்கு பொதுவா ஃபீட் எடுக்க முதல் வாய்ப்பு லெவல் 4லதான். அப்ப லெவல் 1லேருந்து 3க்குள்ள இருக்குற ஒரு ஹியூமன் ஃபைட்டர்கிட்ட ஃபீட் இருந்தா அவன் வேரியன்ட், இல்ல அவனோட டிஎம் தாராள மனசுக்காரர். ஃபீட் நெடுவரிசைய வச்சு ஃபில்டர் போட்டேன், ரெண்டு வகையும் கணிசமா இருந்துச்சு. அதுவும் அந்த எஸ்ஆர்டில கிராப்ளர் ஒண்ணுதான ஃபீட், அப்ப வேற ஃபீட் இருக்குன்னா அவங்க அந்த உள்ளடக்கத்த தனியா தேடி ஏத்தியிருக்கணும், அதாவது மெனக்கெட்டவங்க. அன்னிக்கு ராத்திரி தம்பிக்கு மெசேஜ் போட்டேன், "நீ கேட்ட கட்டத்துல ரெண்டு கூட்டம் நிக்குதுப்பா, நீ எந்தக் கூட்டம்னு நீயே பாத்துக்கோ"ன்னு.

ஒரே ஒரு சைட்டோட எண்ணிக்கைய உலகக் கணக்கா எடுக்கக்கூடாதுங்குறதும் இந்த சாக்குல நல்லா உறைச்சுச்சு. ரோல்20ங்குற ஆன்லைன் ஆட்டத் தளம் வெளியிட்ட அறிக்கையில டி அண்ட் டிதான் பெரிய பங்கு, ஆனா ஜப்பான்ல கால் ஆஃப் குத்துலுங்குற திகில் ஆட்டம்தான் ராஜா, அங்க ஆளுங்க வேற தளங்கள்ல ஆடுறாங்க, அதெல்லாம் இந்தக் கணக்குல எங்க வரும்?

அப்புறம் 2023 ஜனவரி. மத்தவங்களும் இந்த ரூல்ஸ வச்சு வெளியிட அனுமதி குடுக்குற பழைய ஓப்பன் கேம் லைசென்ஸ செல்லாததாக்கப் போறாங்கன்னு வரைவு கசிஞ்சப்ப, டி அண்ட் டி பியாண்ட் சந்தாவ ரத்து பண்ணுங்கன்னு ரசிகர்கள் பெரிய அளவுல கிளம்புனாங்க. டி அண்ட் டிய வெளியிடுற கம்பெனி கருத்துக்கணிப்பு வச்சுச்சு, 15,000 பேருக்கு மேல பதில் சொன்னாங்க, 88 சதவீதம் புது லைசென்ஸ்ல வெளியிட விருப்பமில்லன்னாங்க, ஜனவரி 27ம் தேதி எஸ்ஆர்டி 5.1ஐ யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்ங்குற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல விட்டுட்டாங்க. ரத்து பண்ணணும்னா லாகின் பண்ணணும், செட்டிங்ஸ் பக்கம் போகணும், கிளிக் பண்ணணும். வெறும் லாகின் எண்ணிக்கைய மட்டும் பாக்குறவருக்கு கோவமா வந்தவரும் ஆசையா வந்தவரும் ஒண்ணுதான். எனக்கு அந்த மாசம் நல்லா ஞாபகம் இருக்கு, நானும் வருத்தத்தோடதான் லாகின் பண்ணேன்.

இப்ப மூணாவது வாரம். லைஃப் கிளெரிக்க இதே மாதிரி பிரிக்கப் பாத்துட்டிருக்கேன், ஆனா அங்க ஃபீட் மாதிரி ஒரு அடையாளம் கிடைக்கல. ஹீலிங் வேணும்னு ஆசைப்பட்டு எடுத்தாரா, வேற டொமைன் (கிளெரிக்கோட சப்கிளாஸ்) இல்லாததால எடுத்தாரான்னு ஸ்பெல் லிஸ்ட வச்சு சொல்ல முடியுமான்னு பாக்கணும், டொமைன் ஸ்பெல் தானா வந்துடும், அதனால அத கழிச்சுட்டு மிச்சத்த எண்ணணும்.

கூடவே எங்க டேபிளுக்குன்னு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் ஆரம்பிச்சிருக்கேன். கேரக்டர் போட்ட தேதி, முதல் செஷன், கடைசி செஷன், ஏன் நின்னுச்சு. அந்தக் கடைசி நெடுவரிசைக்காகத்தான் முக்கியமா, நான் பாத்த எந்த டேட்டாலயும் அது இல்ல. முதல் வரி தம்பியோடது. ஹாஃப்லிங் மாங்க், லெவல் 1, முதல் செஷன் வர்ற ஞாயித்துக்கிழமை.