அம்மாவின் வலது தாடை

மார்ச் 3, செவ்வாய்

அம்மா இன்றும் வலது பக்கம் மெல்லவில்லை. இட்லியைக்கூட இடது பக்கமே ஒதுக்கிக்கொள்கிறாள். பல்லை எடுத்துவிடலாம் என்றேன். "அந்த ஊசியை மட்டும் சொல்லாதடி."

மார்ச் 4, புதன்

போன வருஷம் அந்த கிளினிக்கில் ஊசி மேல் ஊசி போட்டும் பல்லைத் தொட்டதும் துடித்துவிட்டாளாம். உதடு மரத்ததா என்று கேட்டேன். "உதடு எங்க மரத்துச்சு? நாக்குதான் தடிச்சுப்போச்சு."

நாக்கு மட்டும்! தாடை நரம்பு மரத்தால் கீழுதடும் மரக்க வேண்டும். நாக்கு நரம்பு முன்னாலேயே இருக்கிறது, போகிற வழியில் மருந்து பட்டிருக்கும். தாடை நரம்புக்குப் போய்ச் சேரவே இல்லை. அவளைப் பயந்தாங்கொள்ளி என்று அனுப்பியிருக்கிறார்கள். ஆத்திரமாக வருகிறது.

மார்ச் 5, வியாழன்

ஓபிஜி, தாடை முழுவதும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்-ரே, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. ஊசி போடுவதற்கு முன்பே எடுத்த படம். எல்லாரும் எடுக்க வேண்டிய 48-ஐ, அந்த வலது கீழ் ஞானப்பல்லை மட்டும் பார்த்திருப்பார்கள்: எவ்வளவு சாய்ந்திருக்கிறது, வேர் நரம்புக் கால்வாயைத் தொடுகிறதா. தாடையின் பின்னால் மேலே ஏறும் எலும்பு, ரேமஸ், அந்தப் பக்கம் கண் போயிருக்காது.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கால்வாயின் இரண்டு வெள்ளைக் கோடுகளையும் பின்பற்றி மேலே போனேன். புனல் மாதிரி விரிந்து முடிகிற இடம்தான் ஃபோரமென், நரம்பு எலும்புக்குள் நுழையும் துளை. டிரேசிங் பேப்பர் ஒட்டிப் பற்களின் கடிக்கும் தளத்தைப் பின்னால் நீட்டினேன். 48-க்கு முன்னால் இருக்க வேண்டிய கடைவாய்ப் பற்கள் 46, 47 இல்லை. சாய்ந்த 48-ஐ நம்பிக் கோடு போட முடியாது. முன்னால் இருக்கிற பற்களை வைத்துத்தான் போட்டேன். ஃபோரமென் கோட்டுக்கு மேலே 12 மி.மீ. எடுத்த மெஷின் 1.25 மடங்கு பெரிதாக்கும், வகுத்தால் ஒன்பதரை.

ஊசி குத்த நாங்கள் பல் மருத்துவத்தில் படித்த கணக்கு, கோட்டுக்கு மேலே 6 முதல் 10 மி.மீ. 6-ல் குத்தியிருந்தால் மருந்து ஃபோரமெனுக்குக் கீழேதான் இறங்கியிருக்கும். எலும்புக்குள் நுழைந்துவிட்ட நரம்பை அது எப்படித் தொடும்? பல்லுக்காக எடுத்த படத்திலேயே பதில் இருந்திருக்கிறது, அம்மா அன்று கிளினிக்கில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

திரும்ப அளந்தேன். 12-தான்.

மார்ச் 7, சனி

எங்களுக்குப் பாடம் எடுக்கும் சாரிடம் டிரேசிங்கைக் காட்டினேன். தலை கொஞ்சம் திரும்பியிருந்தாலே கணக்கு மாறும் என்றார். "உயரம் தெரியும்மா, முன்ஓரத்துல இருந்து எவ்வளவு பின்னாலன்னும் தெரியும். எலும்பு உள்பக்கம் எப்படி விரிஞ்சிருக்குன்னு இதுல தெரியாது. அதை ஊசி முனைதான் சொல்லணும்." அப்புறம் பேப்பரை வாங்கி, என் கோட்டுக்கு மேலே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். "இங்க போவோம்."

எலும்பைத் தொட்டு, ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கி, ரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்து, ஒன்றரை மில்லி மருந்தையும் நிதானமாக. அதுவும் பிடிக்காவிட்டால் கௌ-கேட்ஸ் என்கிற ஊசி முறை. ஆஸ்திரேலியாவில் சாதாரணப் பல் டாக்டராக இருந்தவர் 1973-ல் வெளியிட்ட முறை, தாடை மூட்டில் இருக்கும் குமிழ், காண்டைல், அதன் கழுத்து வரைக்கும் போகும். அம்மா அவ்வளவு அகலமாக வாயைத் திறப்பாளா?

மார்ச் 9, திங்கள்

குழந்தைகள் பிரிவு. ஆறு வயசுப் பையன். இவனுக்கு ஃபோரமென் கடிக்கும் தளத்துக்குக் கீழே, ஊசியும் கீழே இறங்க வேண்டும். வளர வளர மேலே ஏறும். இன்று எந்தப் படத்தைப் பார்த்தாலும் ரேமஸ்தான் முதலில் கண்ணில் படுகிறது.

மார்ச் 10, செவ்வாய்

அம்மாவுக்குச் சர்க்கரை 260. சார் தள்ளிப்போட்டுவிட்டார். அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மார்ச் 11, புதன்

ராத்திரி முகம் லேசாக வீங்கியிருந்தது. தூக்கம் இல்லை. ரெண்டு பேருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. காலையில் சர்க்கரை 148. பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார வைத்தோம். புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். சார் புள்ளி வைத்த இடத்துக்குத்தான் போனார், எலும்பு தட்டியது.

நாக்கு மரத்தது. அது பெரிதில்லை. உதடுதான் வேண்டும். நான் கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே கையைத் தூக்கி, கீழுதட்டின் வலது ஓரத்தைத் தொட்டு, "இங்க என்னவோ கனக்குதுடி" என்றாள்.

சார் கூப்பிடுகிறார். மீதியை இரவு எழுதுகிறேன்.