அத்தையின் போனில் திறக்காத சேலைக் கடை

சின்னாளப்பட்டியில் சித்தப்பாவுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. அதற்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இணையதளம் செய்து கொடுத்தது நான்தான். ஒரு கல்யாண மண்டபத்தில் அத்தை அந்தத் தளத்தைப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டப் பார்த்தார். திரை வெள்ளையாகவே நின்றது. "என்னப்பா, வரவே மாட்டேங்குது" என்று போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டார். கேட்டவரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

என் லேப்டாப்பில், வீட்டு ஃபைபர் இணைப்பில், அதே பக்கம் சட்டென்று திறக்கும். அதை வைத்தே இரண்டு வருடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பியிருந்தேன். அன்றிரவு தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து மொபைலுக்கான முடிவைப் பார்த்தேன். முகப்பின் பெரிய படம் தெரிய 11 நொடி ஆனது. 2.5 நொடிக்குள் வந்தால்தான் நல்லது என்பது கூகுளின் கணக்கு.

முதல் சந்தேகம் படங்கள்மேல். சித்தப்பா போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தார்: 4000க்கு 3000 பிக்சல், ஒவ்வொன்றும் 4, 5 எம்பி. 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற, கோப்பு அளவு குறைவான பட வடிவத்துக்கு மாற்றினேன். இதில் ஒன்று கவனிக்க வேண்டியிருந்தது. சுங்குடியின் புள்ளிகள் மிகச் சிறியவை. படத்தின் தரத்தை நூற்றுக்கு 60க்கு இறக்கினால் புள்ளியின் ஓரம் கலங்கி, அச்சடித்த சேலை மாதிரி தெரிகிறது. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதை அப்படிக் காட்ட மனசு வரவில்லை. 80இல் நிறுத்திக்கொண்டேன்.

அப்புறமும் 6 நொடி. காரணம், வேகத்துக்காக நானே போட்டிருந்த ஒரு பிளகின், அதாவது வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல். திரைக்குக் கீழே இருக்கும் படங்களை ஸ்க்ரோல் செய்யும்போது மட்டும் இறக்குவது அதன் வேலை. அது முகப்பில் முதலில் தெரிய வேண்டிய படத்தையும் சேர்த்துத் தள்ளிப்போட்டிருந்தது. பிளகினின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இறங்கி ஓடிய பிறகுதான் அப்படி ஒரு படம் இருப்பதே பிரவுசருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு படத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்ததில் 2 நொடி குறைந்தது. எல்லாப் படங்களுக்கும் அகலம், உயரம் எழுதியதில், படிக்கும்போது வரிகள் கீழே குதிப்பதும் நின்றது.

என்னை அதிகம் படுத்தியது எழுத்துருதான். அழகுக்காக ஒரு தமிழ் எழுத்துருவை மூன்று தடிமன்களில் சேர்த்திருந்தேன். அது இறங்கும்வரை குரோம் 3 நொடிகள் வரை எழுத்தையே காட்டாமல் வைத்திருக்கும். அத்தை பார்த்த வெள்ளைத் திரையில் இதற்கும் பங்கு உண்டு. சரி, கோப்பைச் சின்னதாக்கலாம் என்று ஒரு கருவியில் கொடுத்துத் தமிழ்க் குறிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். பக்கத்தைத் திறந்தால் கடையின் பெயரே சிதைந்து கிடந்தது. சு, கு, டி மூன்றிலும் மெய்யின் வடிவம் தனியாக, உயிர்க்குறி தனியாக நின்றன. இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாக்கும் விதிகள் எழுத்துருக் கோப்புக்குள் தனியாக இருக்கின்றன. கருவி அவற்றையும் வெட்டி எறிந்திருந்தது. தமிழ் எழுத்துருவில் கைவைப்பவர்கள் தயவுசெய்து இதைச் சோதித்துப் பாருங்கள். கடைசியில் தலைப்புக்கு மட்டும் ஒரு தடிமன், வாஃப்2 (WOFF2) என்ற சுருக்கிய கோப்பு வடிவத்தில், அது இறங்கும்வரை போனின் எழுத்துருவிலேயே எழுத்தைக் காட்டும் ஸ்வாப் அமைப்போடு வைத்தேன். மற்றதெல்லாம் போனில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துருவிலேயே வருகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

தளத்தின் கோப்புகள் இருக்கும் சர்வர் தொலைவில், அமெரிக்காவில் இருந்தது. மும்பைக்கு மாற்றி, பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்காமல் தயாராக வைத்திருக்கும் பக்கக் கேச்சையும் போட்டேன். ஒரே மாலையில் முடிந்த வேலை.

மிச்சம் இருந்தது மூலையில் மிதக்கும் அரட்டைப் பெட்டி. வேறொரு சர்வரிலிருந்து ஏகப்பட்ட ஸ்கிரிப்டை இழுத்துக்கொண்டு வரும். எடுத்துவிடலாம் என்றால் சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை, வாடிக்கையாளர்கள் அதில்தான் விலை கேட்கிறார்களாம். அதே இடத்தில் சாதாரண வாட்ஸ்அப் இணைப்பு ஒன்றை வைத்தேன். முகப்புப் படம் தெரியும் நேரம் 2.3 நொடிக்கு வந்தது.

போன வாரம் அத்தை வீட்டில், அவர் போனிலேயே, வைஃபையை அணைத்துவிட்டுத் திறக்கச் சொன்னேன். மாம்பழ மஞ்சள் சேலை முழுசாக வந்து நின்றது. "இது எவ்வளவு தம்பி?" என்று கேட்டார்.