வெள்ளி சரி, காசு?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டச் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். கொலுசுப் பட்டறைக்காரர்கள் உருக்கிய வெள்ளியில் ஒரு துணுக்கு கொண்டுவருவார்கள். அதை எந்திரத்துக்குள் வைத்து மூடினால், எக்ஸ் கதிர் பட்டு அரை நிமிஷத்தில் எண் வந்துவிடும். நூறு பங்கில் எத்தனை பங்கு வெள்ளி என்பதுதான் டச். சீட்டில் அடித்துக் கொடுத்து ஐம்பது ரூபாய் வாங்கிப் போட்டால் முடிந்தது. எந்திரம் சொல்வதைச் சொல்கிற வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பழைய காசுகளும் வரும். பாட்டியின் பெட்டியில் இருந்தது, வீடு இடிக்கும்போது கிடைத்தது என்று. பெரும்பாலும் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய். கூடவே வாரத்துக்கு ஒன்றாவது, 1818 என்று போட்டு ஒரு பக்கம் அனுமன் படம் இருக்கும் 'கம்பெனி காசு' வந்துவிடும். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே கிடையாது. இதைச் சொன்னால் எதிரே நிற்பவர் முகம் சுருங்கும். அதில் ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாக நம்பி, "அரிசியை இழுக்குதுங்க" என்று அடம்பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களோடு வாதாடுவதை முதல் வருஷத்திலேயே விட்டுவிட்டேன்.

ஆத்தூர் பக்கத்துப் பையன் வந்தது ஒரு தை மாதம். கல்லூரியில் படிக்கிறவன். ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் வாங்கி, தாத்தாவின் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கியபிறகு நடந்திருக்கிறான். கலப்பைக் கொழுத் துண்டு, ஆணி, லாடம், பீர் பாட்டில் மூடிகள், அப்புறம் இது. காகிதத்தைப் பிரித்தான். கறுப்பும் சாம்பலுமாக, ஒரு விளிம்பில் பச்சை படிந்து, 1840 என்று தட்டுத்தடுமாறித் தெரிகிற விக்டோரியா ரூபாய்.

கூடவே இன்னொன்றும் வைத்திருந்தான். அதே 1840, ஆனால் பளிச்சென்று. அவன் மாமா மூவாயிரம் கொடுத்து வாங்கியது. விற்ற ஆளும் டிடெக்டர் வைத்து எடுத்ததாகத்தான் சொன்னானாம்.

"அண்ணா, ரெண்டும் ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லுங்க."

கம்பெனி ரூபாய்க்குக் கணக்கு எளிது. 1835இல் நாடு முழுக்க ஒரே அளவாக்கினார்கள். எடை 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, மீதி செம்பு, டச் 91.7 வர வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் 'ஒரு ரூபாய் எடை' என்பதுகூட இந்த ரூபாயின் எடைதான்.

மண்ணிலிருந்து வந்த காசைத் தராசில் வைத்தேன். 11.38. குறைகிறது. எந்திரத்தில் வைத்தேன். 94.6. கூடுகிறது. கல்மேடையில் சுண்டிப் போட்டேன். வெள்ளி கணீரென்று பேச வேண்டும். இது டொக்கென்று விழுந்தது. மூன்றும் தப்பு. மாமாவின் காசோ 11.66, டச் 91.8, ஓசை கோயில் மணி. நான் யோசிக்கவே இல்லை. கறுப்புக் காசின் சீட்டில் 'போலி' என்றும், பளபளப்பின் சீட்டில் 'அசல்' என்றும் எழுதிக் கொடுத்தேன். எங்கள் சீட்டில் அப்படி எழுதுகிற வழக்கமே கிடையாது. பையன் கேட்டான் என்பதற்காக எழுதினேன்.

அவன் கிளம்புவதற்குள் தபால் இலாகா ஐயா உள்ளே வந்தார். ஓய்வு பெற்றவர், காசு சேர்ப்பவர், சனிக்கிழமைதோறும் வருவார். காகிதத்தில் கிடந்த இரண்டையும் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். என் சீட்டுகளைக் கடைசியாகத்தான் படித்தார்.

"கண்ணு, மாத்தி எழுதிட்டியே."

முதலில் பளபளப்பைக் கையில் கொடுத்தார். ராணியின் தலைமுடியைப் பார்க்கச் சொன்னார். காதுக்கு மேலே இழைகள் தேய்ந்து மழுமழுவென்று இருந்தன. "இத்தனை தேஞ்ச காசு முழு எடை எப்படி நிக்கும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. புழங்கித் தேய்ந்த காசு தேய்ந்த அளவுக்கு எடை இழந்திருக்க வேண்டும். இது முகத்தில் கிழவி, தராசில் குமரி. தேய்ந்த காசு ஒன்றிலிருந்து அச்செடுத்து, நல்ல வெள்ளியை ஊற்றி, எடை சரியாக வரும்படி கொஞ்சம் தடிமனும் கூட்டியிருக்கிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் எழுத்துகளின் ஓரம் சோப்புபோல வழுக்கிக் கிடந்தது. எழுத்துக்கு இடையே குண்டூசி முனையளவு குமிழிப் பள்ளங்கள். விளிம்பு வரிகளுக்குக் குறுக்கே, அரம் போட்டு மறைத்த ஒரு கோடு. அச்சில் அடித்த காசுக்கு அந்தக் கோடு வர வழியில்லை. ஊற்றினால்தான் வரும்.

வெள்ளி நல்ல வெள்ளிதான். எந்திரம் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது 'வெள்ளியா?' என்று, பையன் கேட்டது 'காசா?' என்று. பதினோரு வருஷத்தில் எத்தனை பேருக்கு இப்படி வேறு கேள்விக்குப் பதில் சொல்லி அனுப்பியிருப்பேனோ.

அப்புறம் கறுப்பு. எடை குறைந்ததற்குத் தேய்மானமும் மண்ணும் காரணம். டச் கூடியதற்கும் மண்தான். ஈரத்தில் கிடக்கும்போது செம்புதான் முதலில் கரையும். மேல்தோலில் வெள்ளி மட்டும் மிஞ்சும். எக்ஸ் கதிர் பார்ப்பது அந்த மேல்தோலைத்தான். விளிம்பில் இருந்த பச்சை, வெளியேறிய செம்பு. பட்டறையில் வெள்ளியை அழுக்கெடுக்கத் திராவகத்தில் போட்டால் இதேதான் நடக்கும், தினமும் பார்க்கிறேன். ஆனாலும் தோன்றவில்லை. ஓசை செத்ததற்குக் காரணம், கலப்பை பட்டு விளிம்பில் விழுந்திருந்த மயிரிழை விரிசல்.

என் முகம் போன போக்கைப் பார்த்து, தண்ணீரில் நிறுத்துவிடச் சொன்னார். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் தொடாமல் முக்கினோம். 1.10 காட்டியது, காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. 11.38ஐ அதால் வகுத்தால் 10.3 சொச்சம். அந்தக் கலவை வெள்ளியின் அடர்த்தி அதுதான். காசு தேயலாம், அடர்த்தி தேயாது. மாமாவின் காசையும் முக்கினோம். அதுவும் 10.3தான் காட்டியது. அதனால் இந்தச் சோதனையும் பாதி வழிதான் வரும். மீதிக்குக் கண் வேண்டும்.

ஐயாவுக்கு அதன்பிறகு எங்கள் யார் நினைவும் இல்லை. கறுப்புக் காசில் ராணியின் கழுத்தடியில் டபிள்யூ டபிள்யூ என்று, அச்சு செதுக்கிய வில்லியம் வையனின் முதலெழுத்துகள் இருக்கிறதா என்று தேடினார், இருந்தது. பின்பக்க மாலையில் காய்களை எண்ணினார்; எண்ணிக்கையை வைத்துத்தான் வகை பிரிப்பார்களாம். 1840 என்று போட்டிருந்தாலும் அந்த வருஷமே அடித்தது என்று நினைக்காதே, 1862 வரைக்கும் அதே வருஷத்தைப் போட்டுத்தான் அடித்தார்கள் என்றார். சங்கப் புலவர்களில் வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று ஒருவர் இருந்தார், வண்ணக்கன் என்றால் காசைச் சோதிக்கிறவன், உன் வேலைதான் என்றும் சொன்னார். பாராட்டா குத்தலா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

பையனிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "விபூதி போட்டுத் தேய்ச்சியா?" அம்மா தேய்க்கப் போனதாகவும் தான் பிடுங்கிக்கொண்டு வந்ததாகவும் சொன்னான். "அதுவே பெரிய காரியம், தேய்ச்சா காசு கெட்டுரும்" என்றார். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சொன்னார். ஒரு ரூபாய்க் காசுக்குப் பத்து ரூபாய்ச் சட்டமா என்று பையன் சிரித்தான். ஐயா சிரிக்கவில்லை.

நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு சீட்டையும் வாங்கிக் கிழித்தேன். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பையனின் கவலை. வெள்ளி விலைக்குப் போகும், அதற்கு மேல் போகாது என்று எழுதிக் கொடுத்தேன். மாமா அன்று சாயங்காலமே போன் செய்து, வண்டி வண்டியாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் முதலாளியிடம் சொல்லி ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தோம்: 'வெள்ளி டச் மட்டும். காசின் உண்மைக்கு அல்ல.' பழைய காசு கொண்டுவருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ எதுக்குங்க ஐம்பது ரூபாய்?" என்று கேட்பார்கள்.

பங்குனியில் பையன் மறுபடி வந்தான். அதே காட்டில் கிடைத்ததாம், மண்ணோடு உருண்டையாக ஒன்று. எந்திரத்தைத் திறக்காமல் முதலில் கண்ணாடியை எடுத்தேன். ஈர பிரஷ்ஷால் மெதுவாக மண்ணைத் தள்ளினோம். பித்தளை. தாத்தாவின் பழைய பம்புசெட்டில் இருந்து கழன்று விழுந்த பெயர்த் தகடு, பாதி.