ஸ்கேன் மெஷின் வந்துவிட்டது, கற்றுத்தர யார் இருக்கிறார்கள்?

மருத்துவச்சிகள் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கலாமா கூடாதா என்ற வாதம் எனக்குச் சலித்துவிட்டது. பல நாடுகளில் ஏற்கெனவே பார்க்கிறார்கள், செல்போனில் சொருகி, வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சின்னக் கருவியான ப்ரோப் வந்த பிறகு இது அதிகரிக்கத்தான் செய்யும். எதைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பார்கள் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் இருபதாவது வார அனாமலி ஸ்கேன் வேறு. நான் சொல்வது அடிப்படை ஸ்கேன். ஐஎஸ்யுஓஜி என்ற பன்னாட்டு அல்ட்ராசவுண்ட் சங்கம் இதை ஆறு படிகளாகக் கற்றுத்தருகிறது: தலை கீழே இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா, ஒரு குழந்தையா இரட்டையா, நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, பனிக்குட நீர் போதுமா, அளந்து பார்த்தால் எத்தனை வாரம். இதில் முதல் ஐந்தும் கற்றுக்கொள்ளக் கூடியவைதான். ரத்தப்போக்கோடு வருபவருக்கு நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருக்கிறதா என்று தெரியாமல் உள்பரிசோதனை செய்யக் கூடாது என்பது எந்த மருத்துவச்சிக்கும் தெரியும், அதை அங்கேயே பார்த்துச் சொல்ல முடிந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்!

ஆபத்து ஆறாவதில் இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ஐந்தாறு நாள் முன்பின்னாகத் தேதியைச் சொல்லிவிடும், கடைசி மூன்று மாதத்தில் அதே அளவு மூன்று வாரம்கூடத் தவறலாம். 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மெஷின் எப்போது அளந்தாலும் ஒரு தேதியைக் கொஞ்சமும் தயங்காமல் காட்டும். ஏற்கெனவே சரியாகக் கணித்த 34 வாரக் கர்ப்பத்தில் குழந்தை 31 வார அளவில் இருந்தால், பயிற்சி போதாதவர் தேதியை மாற்றி எழுதிவிடுவார், வளர்ச்சி குன்றிய குழந்தை காகிதத்தில் நார்மல் ஆகிவிடும். ப்ரோப்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துத் தலையை அளந்தாலும் இதே கதைதான்.

இரண்டு வாரப் பட்டறை, ஒரு சான்றிதழ், குரூப் போட்டோ, அப்புறம் தனியாக விட்டுவிடுவது: இதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க எடுத்த ஸ்கேன்கள் வேண்டும், சேமித்த படங்களை அனுபவசாலி ஒருவர் தொடர்ந்து பார்த்துத் திருத்த வேண்டும், அதற்கான நேரத்தை டூட்டி நேரத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். வயிற்றைத் தொட்டுத் தலை எங்கே என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் ப்ரோப்பை வைக்கும் பழக்கமும் வேண்டும், இல்லாவிட்டால் கைப்பழக்கம் போய்விடும்.

பயிற்சி நன்றாக இருந்தாலும் ஸ்கேன் தனியாக உயிரைக் காப்பாற்றாது. காங்கோ, கென்யா, ஜாம்பியா, பாகிஸ்தான், குவாத்தமாலா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், ஸ்கேன் கொடுத்த இடங்களில் தாய் சேய் இறப்பு குறையவில்லை. பிரச்சினையைக் கண்டுபிடித்து அனுப்பிய இடத்தில் ரத்தமும் அறுவை அரங்கும் தயாராக இல்லாவிட்டால் படம் என்ன செய்யும்?

பாடத்திட்டங்களில் நான் தேடுவது இன்னொன்று. துடிப்பு தெரியாதபோது தாய் திரையைப் பார்ப்பதில்லை, ஸ்கேன் செய்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறார். அந்த நிமிடத்தில் என்ன சொல்வது, உறுதிசெய்ய யாரைக் கூப்பிடுவது, அவர் வரும்வரை தாயின் பக்கத்தில் யார் இருப்பது என்பதையும் ப்ரோப் பிடிப்பதைப் போலவே ஒத்திகை பார்த்துப் பழக்க வேண்டும்.